சிவாவுக்கு: அந்தக் கப்பல் படத்தைத் துடைக்கக் கொடுக்காதே

சிவா,

நீ வாங்கிய கப்பல் ஓவியத்தைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன அந்தப் பிரேம் கடைக்காரருக்கு முதலில் போன் போட்டு, படத்தைத் தொடவே வேண்டாம் என்று சொல். துடைப்பது, வார்னிஷ் எடுப்பது, பின்னால் புதுத் துணி ஒட்டுவது எதுவும் வேண்டாம். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

இங்கே எல்லோரும் சுகம். அம்மா உன்னை விசாரித்தாள். உமாவுக்கு ஒருவழியாகக் கோயம்புத்தூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பீட்டர் வழக்கம்போல. இத்தனை மாதம் எழுதாததற்கும் சேர்த்து இப்போது நீளமாக எழுதப் போகிறேன். பாஸ்டன் குளிரில் உனக்கு வேறென்ன வேலை, உட்கார்ந்து படி.

நீ வாங்கியிருப்பது நல்ல படம்டா. கையெழுத்து இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். விடு. இது லிவர்பூல் வழக்கத்தில் வரைந்த கப்பல் உருவப்படம். முழுப் பக்கவாட்டில் பெரிய கப்பல், வலது ஓரத்தில் அதே கப்பலின் பின்புறத் தோற்றம் சின்னதாக, அடியில் மேக நிழல் விழுந்த இருண்ட கடல் பட்டை, கப்பல் மட்டும் வெளிச்சத்தில். சாமுவேல் வால்டர்ஸ் இந்த வகையில் பெரிய கை. 1811-ல் கடலிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா மைல்ஸும் கப்பல் ஓவியர்தான், ஆரம்பகாலப் படங்கள் சிலவற்றில் அப்பாவும் மகனும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் படம் வால்டர்ஸ் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் அதே வேலையைச் செய்த கைகள் பல.

இந்தப் படங்களை வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் கப்பல் முதலாளிகளும் கேப்டன்களும். ஒவ்வொரு கயிறும் எங்கே கட்டியிருக்கிறது, எதற்கு என்று தெரிந்தவர்கள். ஒரு கயிறு தப்பான இடத்தில் முடிந்தால் படத்தை வாங்க மாட்டார்கள். உங்கள் ஊருக்கு 1828-ல் குடியேறிய கப்பல் ஓவியர் ராபர்ட் சால்மன், தான் வரைந்த படங்களுக்குக் கணக்கே வைத்திருந்தார்: அளவு என்ன, எத்தனை நாள் பிடித்தது, என்ன விலை என்று. தச்சர் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதி வைத்த தொழில் அது. அதனால்தான் இப்படிப்பட்ட படத்தை ஆவணத்தைப் படிப்பதுபோலப் படிக்க முடிகிறது. கயிறு அழிந்தால் ஆவணத்தின் பாதி போச்சு. என் பயமெல்லாம் அதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் உன் கேள்விகள். முன்மரத்தின், அதாவது முன்பக்கப் பாய்மரத்தின் டாப்செயிலில், அதாவது கீழிருந்து இரண்டாவது பாயில், கறுப்பு வட்டம் ஏன் என்று கேட்டாய். அது பிளாக் பால் லைனின் அடையாளம். நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குத் தேதி சொல்லி, அந்தத் தேதியில் கிளம்பிய முதல் கப்பல் நிறுவனம். அதுவரை கப்பல் நிறைந்தால்தான் நங்கூரம் எடுப்பார்கள், பயணி வாரக்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடப்பான். 1818 ஜனவரி 5 அன்று, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே, 424 டன் ‘ஜேம்ஸ் மன்ரோ’ சொன்னபடி கிளம்பியது. ஆரம்ப ஆண்டுகளில் கிழக்கு நோக்கிப் போக சராசரி 23 நாள், மேற்கே திரும்ப 40 நாள். வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கிறது, வளைகுடா நீரோட்டமும் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. திரும்பும்போது இரண்டையும் எதிர்த்துப் போக வேண்டும். அதனால்தான் 1846 நவம்பரில் ‘யார்க்‌ஷயர்’ லிவர்பூலிலிருந்து 16 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்ததை அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டாடினார்கள்.

கறுப்பு வட்டத்தைப் பார்த்ததும் அட்லாண்டிக் கப்பல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1852-லிருந்து லிவர்பூலில் ஜேம்ஸ் பெயின்ஸ் என்பவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் விட ஆரம்பித்தார். அதே பெயர், சிவப்புக் கொடியில் அதே கறுப்பு வட்டம். ஏலக்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவது சர்வசாதாரணம். பின்மரத்தின் சாய்கம்பு நுனியில் பறக்கும் தேசியக் கொடியைப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்தது. உன் படத்தில் அது அமெரிக்கக் கொடி. நட்சத்திரங்களை லென்ஸ் வைத்து எண்ணிப் பார். 1837-லிருந்து 26, 1848-லிருந்து 30, 1851-லிருந்து 31. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஆண்டு சொல்லிவிடாதே. கட்டைவிரல் நகம் அளவு கொடியில் ஓவியர்கள் எத்தனை புள்ளி இடம் கொண்டதோ அத்தனைதான் வைப்பார்கள்.

ஆண்டைச் சொல்வது டாப்செயில்தான். உன் படத்தில் மரத்துக்கு ஒரு டாப்செயில், ஆழமான பாய், குறுக்கே வரிசை வரிசையாகச் சுருக்குக் கயிறுகள் தொங்குகின்றன. புயலில் ஆட்கள் பருமலில், அதாவது பாய் தொங்கும் குறுக்குமரத்தில் ஏறி, இவ்வளவு பெரிய பாயைக் கையால் சுருட்டிக் கட்ட வேண்டும். உயிரை வாங்கும் வேலை. கேப்டன் ஹோவ்ஸ் 1854-ல் காப்புரிமை வாங்கிய முறையில் இந்தப் பாய் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் இரட்டை டாப்செயில் எங்கும் பரவிவிட்டது. ஆக, ஒற்றை டாப்செயில் இருந்தால் பெரும்பாலும் 1850-களின் நடுவுக்கு முந்திய கப்பல். பின்னால் தெரியும் வெள்ளைக் கோபுரம் நியூ பிரைட்டனின் பெர்ச் ராக் கலங்கரை விளக்கம். பக்கத்தில் குட்டையாகக் கிடப்பது கோட்டை. விளக்கு முதலில் எரிந்தது 1830-ல். எனவே 1830-க்கும் 1850-களின் நடுவுக்கும் இடையில் என்று ஏறக்குறைய எழுதி வைத்துக்கொள். அதற்கு மேல் நெருங்க வேண்டுமானால் கப்பலின் பெயர் தெரிய வேண்டும்.

‘அமெரிக்காவிலிருந்து வந்து சேரும் கப்பல்’ என்று நீ எழுதியிருக்கிறாய். இல்லைடா, கிளம்பிப் போகிற கப்பல். பெர்ச் ராக் இருப்பது லிவர்பூல் துறைமுகத்தின் மெர்சி ஆற்று வாயின் மேற்குக் கரையில். வெளியே போகும் கப்பலுக்கு அது இடப்பக்கம், உள்ளே வரும் கப்பலுக்கு வலப்பக்கம். உன் படத்தில் கப்பலின் முகம் வலது பக்கம் பார்க்கிறது. அப்படியானால் நமக்குத் தெரிவது அதன் வலப்பக்கம், கோபுரம் நிற்பது அதற்கு அப்பால், அதாவது இடப்பக்கத்தில். நியூயார்க்குக்குத்தான் போகிறது. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நடுமரத்தின் டாப்செயில் உள்பக்கமாக மரத்தோடு ஒட்டி அமுங்கியிருக்கிறதே, ஓவியர் தவறிவிட்டாரோ என்று கேட்டாய். தவறே இல்லை, படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். முன்மரப் பாய்கள் கப்பலை முன்னே தள்ளும்போது நடுமரப் பருமலைத் திருப்பிக் காற்றைப் பாயின் முன்பக்கத்தில் வாங்கினால், இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக் கப்பல் ஏறக்குறைய நின்றுவிடும். எதற்கு நிற்கிறது? வழிகாட்டி மாலுமியை இறக்கிவிட. இடது ஓரத்தில் நிற்கும் சின்ன இரட்டைப் பாய்மரப் படகு அவருடையதுதான், பாயில் எண் எழுதியிருக்கிறதா பார். மணல் திட்டுகளைத் தாண்டிக் கப்பலைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் அந்தப் படகுக்கு மாறுவார். விவரம் தெரியாத ஒருவர் பழுதுபார்க்க உட்கார்ந்தால் இந்தப் பாயைத்தான் முதலில் ‘சரிசெய்வார்’. காற்று நிறைந்து புடைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல் போட்டுவிட்டால் வழிகாட்டி எதற்கு வந்தார், கப்பல் எதற்கு நிற்கிறது, எதுவுமே புரியாமல் போய்விடும்.

காற்றையும் ஒருமுறை சோதித்துப் பார். ஒரே காற்று எல்லாவற்றையும் அசைக்க வேண்டும்: பாய், கொடி, நீள்கொடி, பக்கத்துப் படகு, தூரத்து நீராவிப் படகின் புகை, அலையின் நுரை. கப்பலுக்குப் பின்னாலிருந்து காற்று அடித்தால் கொடி முன்னோக்கிப் பறக்கும். நம் கண் ஒத்துக்கொள்ளாது, ஆனால் அதுதான் சரி. போலிகளிலும் பிற்கால அலங்காரப் படங்களிலும் பாய் பின்காற்றில் நிறைந்திருக்கும், கொடி மட்டும் ஓடுகிற காரின் கொடி மாதிரி பின்னால் பறக்கும். உன் படத்தில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகின்றன. போட்டோவில் பார்த்தவுடனே எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். கடைக்காரர் ‘வானத்தை நீலமாக்கித் தருகிறேன், பாயை வெள்ளை வெளேரென்று ஆக்கித் தருகிறேன்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். வானம் நீலமாகும், சந்தேகமில்லை. படத்தின் மேல் இருப்பது மஞ்சளாகிப்போன பிசின் வார்னிஷ். அது போனால் பாய் வெளுக்கும், பச்சையாகத் தெரிகிற கடல் சாம்பல் கலந்த நீலமாகும். கூடவே கயிறுகளும் போய்விடும்.

ஏன் என்று கேள். வானத்தில் நிறைய இருப்பது ஈய வெள்ளை. எண்ணெயோடு சேர்ந்தால் அது நன்றாக இறுகி, கரைப்பானைத் தாங்கும். கயிறுகள் கறுப்பிலும் பழுப்பிலும் போட்டவை. அந்த நிறங்களில் பல எண்ணெயில் எளிதில் காய்வதில்லை. போதாததற்கு, மெல்லிய தூரிகையில் நீளமாகக் கோடு இழுக்க வர்ணம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஓவியர்கள் மாஸ்டிக் பிசினையும் எண்ணெயையும் கலந்த மெகில்ப்பை நிறையப் பயன்படுத்தினார்கள். வார்னிஷ் எதில் கரையுமோ அதிலேயே அந்தப் பிசினும் கரையும். வானம் முழுக்கக் காய்ந்த பிறகு, கடைசியாக, மேலாக இழுத்த கோடுகள் அவை. காய்ந்த தரையில் போட்ட கோலத்தின் நிலைமைதான் அவற்றுக்கும். ஒரே துடைப்பு போதும். பஞ்சில் லேசாகக் கறுப்பு ஏறும், அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள்.

துடைத்த பிறகு கயிறு இல்லாத கப்பல் விகாரமாக இருக்கும் என்பதால் ஸ்கேல் வைத்துப் புதுக் கயிறு இழுப்பார்கள். திருநாவுக்கரசு சாரின் ஸ்கேல் ஞாபகம் வருகிறதா? அதேதான். உன் படத்தில் ஏற்கெனவே ஒரு இடத்தில் அது நடந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். பின்மரத்தின் மேல்பாதியைப் பத்து மடங்கு லென்ஸில் பார். பழைய கோடு விரிசல் வரும் இடத்தில் விரிசலோடு சேர்ந்தே உடைந்திருக்கும். புதுக் கோடு விரிசலைத் தாண்டிப் போகும், இல்லையென்றால் விரிசலுக்குள் இறங்கி அங்கே கொஞ்சம் தடித்திருக்கும். பழைய கோடு மேலே போகப் போக மெலியும், காற்று அடிக்கும் பக்கத்துக் கயிறு விறைப்பாகவும் மறுபக்கத்துக் கயிறு சற்றே தொய்ந்தும் இருக்கும். ஸ்கேல் கோட்டுக்கு எல்லாக் கயிறும் ஒரே பருமன், ஒரே விறைப்பு. மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படிபோலக் கட்டியிருக்கும் கயிறுகளையும் பார். நிஜத்தில் அவற்றுக்கு இடையே ஏறக்குறைய ஒன்றேகால் அடி, ஒரு ஆள் கால் வைத்து ஏறுகிற இடைவெளி. கப்பலோட்டியவன் பார்த்து ஒப்புக்கொண்ட படத்தில் அந்த அளவு பெரிதாகப் பிசகாது.

சுத்தம் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்தவர் செய்யட்டும். முறையாகப் பயின்ற ஓவியப் பாதுகாப்பு நிபுணர்கள் உங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர் எப்படிச் செய்வார் என்று சொல்கிறேன், ஆளைப் பிடிக்கும்போது கேட்டுப் பார். முதலில் இருட்டறையில் புறஊதா விளக்கில் பார்ப்பார். பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும், அதற்கு மேல் பிற்காலத்தில் பூசிய வர்ணம் கறுப்புத் திட்டாகத் தெரியும். பிறகு பக்கவாட்டில் சாய்த்த விளக்கில் வர்ணம் எங்கே உயர்ந்து நிற்கிறது, எங்கே கேன்வாஸை விட்டுப் பிரிகிறது என்று பார்ப்பார். ஓரத்தில், சட்டத்துக்குள் மறையும் இடத்தில், சில மில்லிமீட்டர் அளவில் சோதனை செய்வார். மேல் அழுக்குக்கு எச்சில் தொட்ட பஞ்சே போதும், அதில் உள்ள நொதிகள் அந்த வேலையைச் செய்துவிடும். வார்னிஷுக்குத்தான் கரைப்பான், அதுவும் மிக மென்மையானதிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக. பஞ்சை உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. பஞ்சில் மஞ்சளோ தேன்நிறமோ ஏறினால் வார்னிஷ், கறுப்போ நீலமோ வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கயிறுகள் இருக்கும் இடத்தில் கோட்டுக்குக் கோடு நடுவே தனித்தனியாகப் போவார், இல்லையென்றால் வார்னிஷை முழுக்க எடுக்காமல் மெலிதாக்கி நிறுத்திவிடுவார். கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ‘கயிறுகளை என்ன செய்வீர்கள்?’ என்று நீ கேட்டதும் அவர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

பின்னால் துணி ஒட்டுவதும் வேண்டாம். கேன்வாஸ் கிழியவில்லை, தொய்வு மட்டும்தான். மெழுகும் பிசினும் உருக்கி இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டினால் அலை நுரையில் தடிப்பாக வைத்த வர்ணம் தட்டையாகிவிடும், வர்ணம் இருண்டு போகலாம், பின்பக்கத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் நிரந்தரமாக மூடிவிடும். சட்டத்தின் மூலைகளில் இருக்கும் மர ஆப்புகளை நீயாக அடித்து இறுக்காதே, காய்ந்த கேன்வாஸ் மூலையில் கிழியும். அம்மோனியா, பிரெட், வெட்டின உருளைக்கிழங்கு என்று யாராவது வைத்தியம் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதே. அம்மோனியா வர்ணத்தின் எண்ணெயையே அரிக்கும். மற்றவை விரிசலுக்குள் மாவையும் பூஞ்சைக்குத் தீனியையும் விட்டுவைக்கும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டாய், அதனால் நானே சொல்கிறேன். கப்பலின் நடுப்பகுதி விளிம்பில், கறுப்புச் சுவருக்கு மேலே, வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். போட்டோவைப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றும் தூரிகையின் ஒரே தொடுதல்: மேலே தோல்நிறம், கீழே பழுப்போ சாம்பலோ, ஒன்றிரண்டில் சிவப்புச் சால்வை. பின்தளத்தில் உயரத் தொப்பி போட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பவர்கள் கேபின் பயணிகள். நடுவில் நெருக்கி நிற்பவர்கள் குடிபெயர்ந்து போகிறவர்கள். கப்பல் வெளியே போகிறது என்று நான் அவ்வளவு வாதாடியது இவர்களுக்காகத்தான்.

கிழக்கே வரும்போது தளத்துக்குக் கீழே பஞ்சுப் பொதியும் மாவுப் பீப்பாயும் வரும். மேற்கே போகும்போது அதே இடத்தில் பலகை அடித்துத் தற்காலிகப் படுக்கைகள் போட்டு ஆட்களை ஏற்றுவார்கள். நியூயார்க்கில் அவர்கள் இறங்கியதும் பலகையைப் பிரித்துவிட்டு மறுபடி சரக்கு. அயர்லாந்துப் பஞ்ச ஆண்டுகளில், 1847-லும் அதையொட்டியும், லிவர்பூலிலிருந்து போனவர்கள் பெருங்கூட்டம். கப்பலுக்குள் டைபஸ் காய்ச்சல் பரவியது. 1848 ஆகஸ்ட் 24 அன்று உங்கள் பாஸ்டனில் டொனால்ட் மெக்கே கட்டிய ‘ஓஷன் மோனார்க்’ லிவர்பூலை விட்டுக் கிளம்பிச் சில மணி நேரத்தில், வேல்ஸ் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே தீப்பிடித்து எரிந்தது. 178 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கீழ்த்தளத்து ஏழைகள். பக்கத்தில் வந்த ‘நியூ வோர்ல்ட்’ கப்பலின் மாலுமி ஃபிரெடரிக் ஜெரோம் கயிற்றோடு நீந்திப் போய் எரிகிற கப்பலில் ஏறி, மிச்சமிருந்த பெண்களையும் குழந்தைகளையும் இறக்கினான்.

பணம் கொடுத்துப் படம் வரையச் சொன்ன கேப்டனுக்கு அந்த மனிதர்கள் முக்கியமில்லை. அவருக்குக் கப்பல் அழகாக இருக்க வேண்டும். ஆனாலும் ஓவியர் அவர்களை வைத்திருக்கிறார், ஆளுக்கு ஒரு தொடுதல். அவ்வளவு மெல்லிய வர்ணம் பஞ்சுக்கு முன்னால் நிற்காது சிவா. வானம் எவ்வளவு நீலமானாலும் அந்தச் சால்வைகளை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. படத்தை வெயில் படாத, ஹீட்டர் இல்லாத உள்சுவரில் மாட்டு. கணப்புக்கு மேலே மாட்டுவது அந்த ஊர் வழக்கமாக இருக்கலாம், உனக்கு வேண்டாம். மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் போட்டோ எடு. கேன்வாஸில் வர்ணக் கடையின் முத்திரை இருந்தால் கடை முகவரியை வைத்தே ஆண்டை நெருங்கலாம். உதாரணமாக வின்சர் அண்ட் நியூட்டன் கடை 1832-க்கு முன் கிடையாது. நடுமரத்து உச்சியில் பறக்கும் நீள்கொடியில் எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார். அமெரிக்கக் கப்பல்கள் பெயரையே எழுதிப் பறக்கவிடுவது உண்டு. பெயர் இல்லாமல் வண்ணக் குறிக்கொடிகள் இருந்தால் மேலிருந்து கீழாக வரிசையும் நிறமும் எழுதி அனுப்பு. 1857-க்கு முன் என்றால் கேப்டன் மாரியட் வகுத்த குறிமுறையின் எண்கொடிகளாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் கால அட்டவணையில் தேடலாம். முன்மரத்தின் உச்சியில் இரண்டு பருமல் நிழலாகத் தெரிகிறது என்றாயே, அது சேதமில்லை. ஓவியர் ஒன்றை இடம் மாற்றி வரைந்திருக்கிறார், காலப்போக்கில் மேல்வர்ணம் கண்ணாடி மாதிரியாகி அடியில் இருப்பது தெரிகிறது. அதை மறைக்கச் சொல்லாதே.

போட்டோக்களை போனில் சுருக்காமல் முழு அளவில் அனுப்பு. கடைக்காரர் படத்தை ஏற்கெனவே பிரேமிலிருந்து கழற்றிவிட்டார் என்றால் அதுவும் நல்லதுதான், ஓரங்களையும் சேர்த்து எடு. லதாவுக்கும் பெரியவனுக்கும் என் அன்பு. அவன் எழுதப்போகும் பரீட்சைக்கு அம்மா மருதமலையில் வேண்டிக்கொண்டிருக்கிறாள், அவனிடம் சொல்.

அன்புடன்,
கதிர்